வேலையை விட்டு அந்தமானில் குடியேற விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலோ பெங்களூரிலோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மாதச் சம்பளத்தில் இருந்துவிட்டு, இனித் தீவொன்றில் வாழலாம் என்று முடிவு செய்பவருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் கேட்காத வெப்பமண்டலத் தீவுக்கூட்டங்கள் இரண்டு இந்தியாவுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றுள் இலட்சத்தீவில் இந்தியக் குடிமக்களே கூட அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழையவோ தங்கவோ இயலாது என்று 1967ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. ஆகவே வெளியார் அங்கே குடியேறுவதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. எஞ்சியது அந்தமான். அங்கே பழங்குடியினர் காப்புப் பகுதிகளைத் தவிர்த்த ஊர்களில் எந்த இந்தியரும் வாடகைக்கு வீடு பிடித்து, தொழில் செய்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழலாம். சட்டம் தடுக்கவில்லை என்பதனாலேயே வாழ்க்கை எளிதாகிவிடாது. அங்கே வீடு, வருமானம், உடல்நலம் ஆகிய மூன்றும் கப்பலையும் மழையையும் பொறுத்தே நடக்கின்றன. எனவே ஒரு மழைக்காலத்தை அங்கே இருந்து கழித்துப் பார்க்காமல் வேலையை விடக் கூடாது என்பதே இக்கட்டுரை சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

எப்போது போய்ப் பார்ப்பது

பெரும்பாலோர் டிசம்பரிலோ ஜனவரியிலோ சுற்றுலாவாகப் போய், ராதாநகர் கடற்கரையில் மாலைப் பொழுதைக் கண்டு, ஊர் திரும்பும் விமானத்திலேயே இராஜினாமாக் கடிதத்தை மனத்துக்குள் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது ஆண்டின் நல்ல பாதியை மட்டும்தான். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் அந்தமானைத் தொடுகிறது. வடகிழக்குப் பருவமழையும் அங்கே பெய்கிறது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் என்றால், அந்தமானில் அது 3,000 மில்லிமீட்டரை ஒட்டியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கிடையே படகுகள் நிறுத்தப்படும், சுற்றுலா விடுதிகளில் ஆள் குறையும், துணி உலராது, சுவரில் பூஞ்சை ஏறும்.

ஆகவே ஊதியமில்லா விடுப்போ, சேர்த்துவைத்த விடுப்போ, வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதியோ எது கிடைத்தாலும் அதைக் கொண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் குறைந்தது ஆறு வாரம் அங்கே இருங்கள். விடுதியில் தங்காமல் ஒரு வீட்டின் மாடிப் பகுதியையோ பின்கட்டையோ வாடகைக்கு எடுத்து, சமைத்துச் சாப்பிட்டு, அரசுப் பேருந்தில் போய்வந்து பாருங்கள். குடும்பத்தோடு போகப்போகிறவர் குடும்பத்தோடுதான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். கணவன் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து மனைவிக்கு விவரிப்பது சோதனையாகாது. இன்னொன்றையும் அப்போது கவனியுங்கள். தீவுகள் சென்னைக்கு வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் ஒன்றேதான் என்பதால், மே, ஜூன் மாதங்களில் காலை ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது, டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. நகரத்தில் இரவு வெகுநேரம் விழித்துப் பழகியவர்களுக்கு அந்த நீண்ட இருட்டு கடலைவிடப் பெரிய மாற்றமாக இருக்கும்.

எந்த ஊர்

2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரில்தான் முதல் ஆண்டைக் கழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விமான நிலையம், துறைமுகம், ஜி.பி. பந்த் மருத்துவமனை, பெரிய பள்ளிகள், வங்கிகள், அரசு அலுவலகங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நகரத்தின் நெரிசலை விட்டு ஓடிவந்து இன்னொரு நகரத்தில் இருப்பதா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அது மேடும் பள்ளமுமான சிற்றூர்தான், எந்தத் தெருவின் முடிவிலும் கடல் தெரியும்.

ஹேவ்லாக் என்று எல்லாரும் இன்னும் சொல்லும் சுவராஜ் தீப், நீல் எனப்படும் ஷகீத் தீப் ஆகிய இரண்டும் தலைநகரிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படகுப் பயணத்தில் இருக்கின்றன. சுற்றுலாவை நம்பித் தொழில் செய்பவர் ஓராண்டு கழித்து அங்கே நகரலாம். ஆனால் அங்கே வாடகை சுற்றுலாக் கணக்கில் கேட்கப்படுகிறது, நோய் முற்றினால் படகிலோ ஹெலிகாப்டரிலோ தலைநகருக்கு வர வேண்டியிருக்கிறது. ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் போன்ற வடக்கு ஊர்கள் அமைதியானவை, செலவு குறைந்தவை; ஆனால் தரைவழியே போகும் அந்தமான் பெருஞ்சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்கு ஊடே செல்வதால், குறித்த நேரங்களில் காவலோடு அணிவகுத்துப் போகும் வண்டிகளோடுதான் போக முடியும். வழியில் நிறுத்துவதும் அம்மக்களைப் படம் எடுப்பதும் 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். நிக்கோபார்த் தீவுகளின் பெரும்பகுதி இதே ஒழுங்குமுறையின் கீழ் வருவதால், அதைக் குடியேறும் இடமாக எண்ணவே வேண்டாம்.

வேலையை விடும் முன் முடிக்க வேண்டியவை

இராஜினாமாவுக்கு நாள் குறிக்கும் முன் மூன்று கணக்குகளைப் பாருங்கள். தொடர்ந்து 5 ஆண்டு பணி முடித்தவருக்கே பணிக்கொடை கிடைப்பது பொது விதி. நான்கரை ஆண்டில் இருப்பவர் இன்னும் சில மாதம் பொறுப்பது நல்லது. வருங்கால வைப்பு நிதியை 5 ஆண்டுப் பணிக்கு முன் எடுத்தால் அதற்கு வருமான வரி உண்டு. அதோடு இணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணி வேண்டும். இவற்றை எடுத்துச் செலவழித்துத் தீவு வாழ்க்கையைத் தொடங்குபவர்களைக் காணும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. அது முதுமைக்கான பணம், படகு வாங்குவதற்கான பணம் அல்ல.

மருத்துவக் காப்பீட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். அலுவலகம் தந்த குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் திட்டத்துக்கு மாறிக்கொண்டால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் கழித்த ஆண்டுகளைக் கணக்கில் கொள்ளச் செய்யும் வாய்ப்பு உண்டு; அந்த விண்ணப்பத்தை வேலையில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். தீவில் ஜி.பி. பந்த் மருத்துவமனையும் அதோடு இணைந்த மருத்துவக் கல்லூரியும் இருந்தாலும், சிக்கலான அறுவை சிகிச்சை என்றால் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ அனுப்புவதுதான் வழக்கம். இதற்காக, நோயாளியும் துணைக்கு ஒருவரும் நாளைக்கே விமானம் ஏறுவதற்கும் சென்னையில் ஒரு மாதம் தங்குவதற்கும் ஆகும் தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவைத்து, வேறு எதற்கும் அதைத் தொடாதீர்கள்.

சேமிப்பு எவ்வளவு வேண்டும் என்றால், தீவில் ஒன்றரை ஆண்டு ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காமல் வாழ்வதற்கான தொகை என்பேன். மழைக்காலம் முழுதும் வருமானம் நின்றுபோனாலும், முதல் பருவத்தில் தொழில் சரியாக அமையாவிட்டாலும், அடுத்த பருவம் வரை தாக்குப்பிடிக்க அது போதும். வீட்டுக் கடன், வண்டிக் கடன் தவணைகள் ஓடிக்கொண்டிருந்தால் அவை முடியும்வரை புறப்பட வேண்டாம்.

எதைச் செய்து பிழைப்பது

இதுதான் மிகுந்த யோசனைக்குரிய பகுதி. அரசு வேலை உள்ளூரில் வளர்ந்து படித்தவர்களுக்குரியது என்றே கருதிக்கொள்ளுங்கள்; வெளியிலிருந்து வருபவர் அதை எதிர்பார்த்து வரக் கூடாது. மற்றபடி மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பழைய தொழிலையே தீவிலிருந்து தொடர்வது. 2020 ஆகஸ்டு 10 அன்று சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடியிழைக் கம்பிவடம் தொடங்கிவைக்கப்படும்வரை இது நடக்காத காரியமாக இருந்தது. அதுவரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது, ஒரு மின்னஞ்சல் இணைப்பு இறங்குவதற்குள் தேநீர் ஆறிவிடும். ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வடம் போர்ட் பிளேயரையும் சுவராஜ் தீப், ரங்கத், லாங் ஐலண்ட், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவற்றையும் இணைக்கிறது. ஆயினும் வீட்டுக்கு வரும் கடைசித் துண்டுக் கம்பி மரம் விழுந்தால் அறுந்துவிடும் என்பதால், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பும், சில மணி நேரம் தாங்கும் இன்வெர்ட்டரும் இல்லாமல் வாடிக்கையாளருக்கு நேரக்கெடு கொடுக்காதீர்கள். கணக்கர், மென்பொருளாளர், மொழிபெயர்ப்பாளர், வரைகலைஞர் போன்றோருக்கு இவ்வழி பொருந்தும். இப்போதைய நிறுவனத்திடமே ஒப்பந்த முறையில் வேலை கேட்டுப் பெற்றுவிட்டுப் புறப்படுவது இன்னும் பாதுகாப்பானது.

இரண்டாவது வழி, தீவில் ஆள் கிடைக்காத கைத்தொழில் ஒன்றைக் கொண்டுசெல்வது. உப்புக் காற்றில் குளிர்பதனப் பெட்டியும் ஏ.சி.யும் இன்வெர்ட்டரும் சீக்கிரம் பழுதாகின்றன. படகு எஞ்சின்களுக்கு ஓய்வே இல்லை. சிறு விடுதிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதித் தர ஆள் வேண்டியிருக்கிறது; இயன்முறை மருத்துவரும், சிறப்புக் குழந்தைகளுக்கான ஆசிரியரும் எந்தச் சிற்றூரிலும் போதாமல்தான் இருப்பார்கள். அலுவலக வேலையை விட்டுவிட்டு ஓராண்டு ஏ.சி. மெக்கானிக் பயிற்சி பெற்றுப் போகிறவர், கடற்கரையில் இன்னுமொரு காபிக் கடை வைக்கப் போகிறவரைவிட நிம்மதியாக வாழ்வார். மழைக்காலத்திலும் வேலை வரும் என்பது இதன் பெரிய சிறப்பு.

மூன்றாவது வழி சுற்றுலா. இதற்குத்தான் கூட்டம் அதிகம், இதில்தான் ஆண்டில் பாதி நாள் வருமானம் மெலியும். ஆழ்கடல் நீச்சல் பயிற்றுநராக வேண்டும் என்று ஆசைப்படுவோர் அதற்காகும் காலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். டைவிங் சான்று தரும் உலக அமைப்பான பாடியின் (PADI) வரிசையில் ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்டு, ரெஸ்க்யூ ஆகிய நிலைகளைத் தாண்டி டைவ்மாஸ்டர் சான்று பெறக் குறைந்தது 60 முறை கடலுக்குள் இறங்கிய பதிவு வேண்டும். பயிற்றுநர் தேர்வுக்கு 100 முறை. இதற்கு ஆகும் கட்டணமும், பயிற்சிக் காலத்தில் சம்பளமின்றி வாழும் செலவும் சேர்ந்து கணிசமான தொகை. கற்று முடித்தபின் கிடைக்கும் வேலையும் பாரமான காற்று உருளைகளைத் தோளில் சுமந்து, ஒரே ஆழத்துக்கு ஒரே அரைமணி நேரத்துக்கு நாளெல்லாம் புதியவர்களை அழைத்துப்போய் வருவதுதான். கடலை விரும்புகிறவருக்கு அது சலிக்காமல் இருக்கலாம். உடம்பு நாற்பது வயதில் என்ன சொல்லும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

நிலம் வாங்காதீர்கள், இப்போதைக்கு

தீவுகளின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் 80 விழுக்காட்டுக்கும் மேல் காடு. எஞ்சிய துண்டு நிலத்தில்தான் ஊர்களும் வயல்களும் பாக்குத் தோட்டங்களும் இராணுவ முகாம்களும் இருக்கின்றன. நில உரிமையை 1966ஆம் ஆண்டின் நிலவருவாய் மற்றும் நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறை நிர்வகிக்கிறது; தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்குள்ள ஆவணங்கள் புதியவை. சாகுபடி நிலமாகப் பதிவான இடத்தில் வீடோ விடுதியோ கட்ட வேண்டுமானால், நிலப் பயன்பாட்டை மாற்றுவதற்கு நிர்வாகத்தின் அனுமதி தேவை. கடற்கரையை ஒட்டிய இடம் என்றால் 2019ஆம் ஆண்டின் தீவுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையும் குறுக்கே நிற்கும். அரசு நிலத்தையோ காட்டு நிலத்தையோ ஆக்கிரமித்தவர் முத்திரைத்தாளில் எழுதித் தரும் மலிவான இடங்களைப் பற்றி யாராவது ஆசை காட்டினால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கட்டுமானமும் நாம் நினைக்கும் விலையில் முடியாது. கடற்கரை மணல் அள்ளுவதை நிறுத்தும்படி 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகு மணல் அரிதாகிவிட்டது. சிமென்டும் கம்பியும் கப்பலில் வருகின்றன. தீவுகள் மிக உயர்ந்த நிலநடுக்க அபாயம் உள்ள மண்டலத்தில் இருப்பதால் வலுக் குறைந்த கட்டடம் எழுப்பவும் கூடாது. ஆகவே முதல் இரண்டு ஆண்டு வாடகைக்கே இருங்கள். விடுதியோ உணவகமோ நடத்த இடத்தைக் குத்தகைக்கு எடுப்பவர், நில உரிமையாளரிடம் ஃபார்ம்-எஃப் எனப்படும் உரிமைப் பதிவின் நகலை வாங்கி, அது வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றப்பட்ட நிலம்தானா என்று உள்ளூர் வழக்கறிஞரைக் கொண்டு தாசில்தார் அலுவலகத்தில் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். வீடு பார்க்கும்போது கடல் தெரிகிறதா என்பதைவிட, எத்தனை நிமிடத்தில் மேட்டுக்கு ஏறிவிட முடியும் என்பதைக் கேளுங்கள்; 2004 டிசம்பர் 26 சுனாமியை மறக்காத யாரும் அங்கே இந்தக் கேள்வியை விசித்திரமாக நினைக்க மாட்டார்கள்.

அன்றாடம்

மின்சாரத்தின் பெரும்பகுதி டீசலால் ஆனது. டிக்லிபூர்ப் பக்கம் கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையமும், போர்ட் பிளேயரில் நெய்வேலி நிறுவனம் அமைத்த 20 மெகாவாட் சூரிய மின் நிலையமும் துணைக்கு இருக்கின்றன. மின்தடை உண்டு. இவ்வளவு மழை பெய்யும் தீவில், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை குடிநீருக்குத் தட்டுப்பாடு வருவதை முதன்முறை கேட்பவர் நம்ப மாட்டார். தலைநகருக்குத் தண்ணீர் தரும் தானிக்காரி நீர்த்தேக்கம் வற்றத் தொடங்கியதும் குழாயில் முறைவைத்துத்தான் நீர் வரும். வாடகை வீட்டில் தரைத்தொட்டியும் மாடித்தொட்டியும் எவ்வளவு கொள்ளும் என்பதைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

அரிசி, பருப்பு, எரிவாயு உருளை, வெங்காயம் எல்லாம் கப்பலில் வருபவை. புயல் எச்சரிக்கை வந்து கப்பல் தாமதமானால் சந்தையில் காய்கறி விலை ஏறும். மீனும் தேங்காயும் கீரையும் உள்ளூரில் கிடைக்கும். சமையலை அவற்றுக்கேற்ப மாற்றிக்கொள்பவருக்குச் செலவு குறைகிறது. கடலில் இறங்கும் முன் உள்ளூராரைக் கேட்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், உவர்நீர் முதலைகள் ஆட்களைக் கொன்ற கடற்கரைகள் உண்டு. கிளிஞ்சல், பவளப்பாறைத் துண்டு எதையும் ஊருக்கு எடுத்துவராதீர்கள். விமான நிலையத்தில் சோதனையிடுவார்கள்.

பிள்ளைகள் இருந்தால், பள்ளிப் படிப்பு பெரும்பாலும் மத்தியப் பாடத்திட்டத்தில் இருக்கும். கல்லூரி வாய்ப்புகள் குறைவு என்பதால், மூத்த பிள்ளை பதினோராம் வகுப்பை நெருங்கும்போது குடிபெயர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள்

2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3.8 இலட்சம். தாய்மொழிக் கணக்கில் வங்காளமும் இந்தியும் முன்னே நிற்க, ஏறத்தாழ 15 விழுக்காட்டோடு தமிழ் அடுத்து வருகிறது. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து காடு திருத்திய குடும்பங்கள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த உழைப்பாளிகள், பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் அருகே 1925 முதல் வாழும் கரேன் மக்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்ட தமிழர்கள் என்று ஒவ்வொருவருக்கும் அங்கே வந்த கதை உண்டு. பலருக்கு அது துன்பத்தில் தொடங்கிய கதை. மன அமைதி தேடி வந்தேன் என்று அவர்களிடம் சொல்லும்போது இந்த வேறுபாடு நினைவில் இருக்கட்டும். கடைவீதியில் தமிழ் கேட்கும், வெற்றிமலை முருகன் கோயிலில் நம்மவர்களைப் பார்க்கலாம், தமிழர் சங்கமும் இருக்கிறது. ஆயினும் பொதுமொழி இந்திதான். இந்தி பேச வராது என்பவர் புறப்படும் முன்பே கற்கத் தொடங்க வேண்டும். கப்பல் பயணச்சீட்டில் தீவுவாசிகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு, புதியவர் அதிகக் கட்டணம் தர வேண்டும். நோயாளிகளையும் மாணவர்களையும் கொண்டுபோகும் உயிர்வழி அது என்பதால் அதைக் குறைகூறிப் பேசாதீர்கள்.

புறப்பாடு

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம், கப்பலில் இரண்டரை முதல் மூன்று நாள். ஆட்கள் விமானத்திலும் பொருட்கள் கப்பலிலும் போவது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒருமுறையாவது பங்க் எனப்படும் அடுக்குப் படுக்கை வகுப்பில் படுத்து ஏறத்தாழ 1,370 கிலோமீட்டரைக் கடந்து பாருங்கள். தீவு எவ்வளவு தொலைவு என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரியும். மர அலமாரி, மெத்தை, கனமான புத்தகத் தொகுப்பு ஆகியவை ஈரத்தில் கெடும், விட்டுவிடுங்கள். கைக்கருவிகள், கணினிக்கு உதிரிப் பாகங்கள், மூக்குக் கண்ணாடிக்கு இன்னொரு சோடி, மூன்று மாத மருந்து, காற்றுப் புகாத பெட்டிகள் ஆகியவற்றை நிறையவே கொண்டுபோங்கள். மூல ஆவணங்களை உறவினர் வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ தமிழ்நாட்டிலேயே வைத்துவிட்டு நகல்களோடு செல்வது போதும். தொழில்முறைப் பதிவுகளையும் உரிமங்களையும் காலாவதியாக விடாமல் புதுப்பித்து வாருங்கள்.

இருசக்கர வண்டியைக் கப்பலில் அனுப்புவதாக இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையின்மைச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். வேறு மாநிலத்திலோ ஒன்றியப் பகுதியிலோ பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டியை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அந்தக் கெடு வருவதற்குள் ஒரு மழைக்காலமும் ஒரு சுற்றுலாப் பருவமும் கடந்திருக்கும். வரவு செலவை எடுத்துவைத்துக்கொண்டு, வீட்டில் உள்ள எல்லாரையும் கேட்டு, வண்டிக்கு அந்தமானின் ஏ.என். பதிவு எண் வாங்குவதா, அல்லது அடுத்த கப்பலில் அதைச் சென்னைக்கே திருப்பி அனுப்புவதா என்று அப்போது தீர்மானியுங்கள்.